பையன் பந்தைப் பார்ப்பதா, தாத்தாவைப் பார்ப்பதா?

கொருக்குப்பேட்டை அம்மா கேட்கிறார்:

கால்பந்து ஆடும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். என் மகனுக்கு 11 வயது முடிந்து 12 நடக்கிறது. ஸ்டாப்பர் ஆடுகிறான், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கும் ஆள். எங்கள் வட்டாரத்து மாநகராட்சி மைதானத்தில் மாலை நேரம் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டம். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். ஞாயிறு காலை மட்டும் மெஷினுக்கு உறை போட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவேன். மகன் ஆடுவதைப் பார்ப்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

சிக்கல் என் மாமனாரால் வருகிறது. மாமாவும் ஆட்டக்காரர்தான். சென்னை லீக்கில் பல வருடங்கள் ஆடியவர், அந்த ஆட்டத்தை வைத்தே துறைமுகத்தில் வேலை வாங்கியவர். அவர் காலில் வந்த சம்பளத்தில்தான் என் கணவரும் நாத்தனாரும் படித்தார்கள், நாங்கள் குடியிருக்கும் வீடும் எழுந்தது. ஆகவே அவருக்குப் பந்து என்றால் பொழுதுபோக்கு இல்லை. பேரன் ஆடுகிறான் என்றால் காலை 6 மணிக்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டோரம் வந்து நின்றுவிடுவார். முதல் விசிலில் தொடங்கும் குரல் கடைசி விசில் வரை ஓயாது. "ஏறு! இறங்கு! ஆளை விடாதே! தூக்கி அடிடா!" எதிர் கோல் கம்பத்தில் நிற்கிறவருக்கும் கேட்கும்.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கோல் கிக், எதிரணி அடித்து வெளியே போன பந்தை எங்கள் கோல் முன்னாலிருந்து உதைத்துத் தொடங்குவது. கீப்பர் பையன் பந்தை வைத்துவிட்டுப் பார்க்கிறான். இப்போதெல்லாம் கோச், ஸ்டாப்பரைப் பெனால்டி பாக்ஸுக்குள்ளேயே, அதாவது கோலுக்கு முன்னால் இருக்கும் பெரிய கட்டத்துக்குள்ளேயே, வந்து பந்தை வாங்கச் சொல்லிக் கொடுக்கிறார். என் மகன் உள்ளே வந்தான். உடனே மாமா, "வெளியே போடா! பாக்ஸுக்கு வெளியே நின்று வாங்கு!" என்று கத்தினார். அவன் இரண்டடி வெளியே போனான். கோச் கையைக் காட்டினார், திரும்ப உள்ளே வந்தான். மாமா மறுபடியும் கத்த, தலை கோட்டுப் பக்கம் திரும்பியது. அதற்குள் கீப்பர் பந்தைத் தட்டிவிட்டான். இவன் இடது காலைத் தாண்டி உருண்டு போன பந்தை எதிரணியில் இருந்த ஒரு பொடியன் எடுத்து, ஆள் இல்லாத மூலையில் போட்டுவிட்டான்.

கோல் விழுந்த பிறகு எந்தப் பிள்ளையும் பந்தைப் பார்க்கும், கோச்சைப் பார்க்கும், இல்லாவிட்டால் தரையைப் பார்க்கும். என் மகன் தாத்தாவைப் பார்த்தான். அதன் பிறகு நான் ஆட்டத்தைக் கவனிக்கவில்லை, அவன் முகத்தை மட்டும் கவனித்தேன். நல்ல பாஸ் கொடுத்தாலும் கோட்டைப் பார்க்கிறான், பந்தை இழந்தாலும் கோட்டைப் பார்க்கிறான். பந்து இவனை நோக்கி வந்துகொண்டிருக்கும்போதே ஒருமுறை பார்த்துக்கொள்கிறான். பெற்ற வயிறு பற்றி எரிகிறது. தெருவில் ரப்பர் பந்தை உதைக்கும்போது இவன் இப்படி யாரையும் பார்ப்பதில்லை. சிரித்துக்கொண்டே ஆடுவான்.

மாமாவைப் பற்றி யாரும் தவறாக நினைத்துவிடக் கூடாது. ஒரு கெட்ட வார்த்தை அவர் வாயில் வராது. அதே கோட்டோரத்தில் வேறு ஒரு அப்பா கோலுக்கு 100 ரூபாய் என்று மகனிடம் பேரம் பேசி வைத்திருக்கிறார். அந்தப் பையன் விங்கில் ஓடுகிறான், யாருக்கும் பந்து தருவதில்லை, நாலு பேர் சூழ்ந்து நின்றாலும் கோலுக்கே அடிக்கிறான். இன்னொருவர் நடுவராக வரும் கல்லூரிப் பையனை அவன் குடும்பத்தை இழுத்துத் திட்டுகிறார். அவர்களோடு சேர்க்க வேண்டியவர் அல்ல மாமா. ஆட்டம் தெரிந்தவர். ஆட்டம் தெரிந்தவர் என்பதால்தான் கோச்சும் வாய் திறப்பதில்லை. அவருக்கு 26 வயது இருக்கும், மாமாவைக் கண்டால் எழுந்து நிற்கிறார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஆட்டத்தின் கணக்குவழக்கு. ரயில்வே கேட் மூடியிருந்தால் கேட்டில் நிற்கும் நேரம் முழுவதும் அதே பேச்சு. பையன் ஒரு பதிலும் சொல்வதில்லை. ஆயா (அவன் பாட்டி) தோசை வார்த்துப் போட்டால் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறான்.

கணவரிடம் சொன்னால், "நைனாவிடம் இதையெல்லாம் நான் எப்படிப் பேசுவது?" என்கிறார். மணலியில் ஷிப்ட் வேலை அவருக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் இருக்க மாட்டார். நான் மருமகள். மாமா என்னை மகளாகத்தான் நடத்துகிறார். இரண்டாவது மெஷின் வாங்கப் பணம் போதாமல் நின்றபோது, நான் கேட்காமலே கொண்டுவந்து கையில் கொடுத்தவர். அவர் மனம் கோணாமல் எப்படிச் சொல்வது? மைதானத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. வரட்டும், நிற்கட்டும். பையனை அவன் போக்கில் ஆட விட்டால் போதும்.

இன்னும் இரண்டு விஷயம். கொஞ்ச நாளாகக் குதிகால் வலிக்கிறது என்கிறான். பயிற்சி முடிந்து வரும்போது முன்காலை ஊன்றி நடக்கிறான். மாமா, ஆட்டக்காரனுக்குக் கால் வலி கூடப்பிறந்தது என்கிறார். தவிர, ஸ்டாப்பர் தலையால் வெட்டப் பழக வேண்டும் என்று மொட்டைமாடியில் பெரிய பந்தைத் தூக்கிப் போட்டு முட்ட வைக்கிறார். இது இரண்டும் சரிதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புளியந்தோப்பு லெஃப்ட் விங்:

சகோதரி, மற்றதெல்லாம் பிறகு, முதலில் குதிகால். நான் 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவன். நீங்கள் சொல்வதுபோல் முன்காலில் நடக்கும் பையன் எல்லா வருடமும் எங்கள் கூட்டத்தில் ஒருவனாவது இருப்பான். 8 வயதிலிருந்து 14 வயதுக்குள் குதிகால் எலும்பின் வளரும் பகுதி முழுவதும் கெட்டிப்பட்டிருக்காது. கெண்டைக்கால் தசையின் நாண் அந்த இடத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். பிள்ளை விறுவிறு என்று உயரும் காலத்தில் இழுப்பு இன்னும் கூடும். கெட்டித் தரையில், மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூவோடு ஓடினால் அங்கே வீங்கி வலிக்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பு முட்டிக்கொண்டு வலிப்பதும் கிட்டத்தட்ட இதே கதை. வளர்ச்சி முடிந்ததும் சரியாகிவிடும், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வலியோடு ஓட விடக் கூடாது. எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள், உங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம்தான். வலி அடங்கும்வரை ஓட்டத்தைக் குறைக்கச் சொல்வார்கள், ஷூவுக்குள் குதிகால் மெத்தை வைக்கச் சொல்வார்கள், கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி சொல்லித் தருவார்கள். வேறு ஏதாவது இருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும். அடுத்த ஆட்டத்துக்கு முன்பே போய்விடுங்கள்.

தலையால் முட்டுவதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். மொட்டைமாடிப் பந்து ஐந்தாம் நம்பராகத்தான் இருக்கும், 410 முதல் 450 கிராம் எடை. உங்கள் மகன் வயதுக்கு நாலாம் நம்பர் போதும். அமெரிக்காவில் 2015 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகள் பந்தைத் தலையால் ஆடவே கூடாது, 11 முதல் 13 வரை பயிற்சியில் அளவோடுதான் என்று வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்திலும் 2020இல் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையாட்டத்தை எடுத்துவிட்டார்கள். வளரும் மூளை, கழுத்தில் இன்னும் வலு ஏறவில்லை. பதினைந்து, பதினாறு வயதில் பழகிக்கொண்டாலும் நல்ல ஸ்டாப்பர் ஆகலாம். பழகியே தீர வேண்டும் என்றால் காற்றடைத்த லேசான பந்து வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த கோல் கிக். மாமா சொன்னது அவர் ஆடிய காலத்துக்குச் சரி. அப்போது பெனால்டி பாக்ஸை விட்டு வெளியே வந்தால்தான் பந்து ஆட்டத்தில் இருப்பதாகக் கணக்கு. உள்ளேயே தொட்டால் மறுபடி அடிக்க வேண்டும். 2019இல் அந்த விதியை மாற்றிவிட்டார்கள். கீப்பர் பந்தைத் தட்டி அது நகர்ந்த நொடியில் ஆட்டம் தொடங்கிவிடும், சொந்த அணி ஆட்கள் பாக்ஸுக்குள்ளேயே நின்று வாங்கலாம். எதிரணிதான் பந்து ஆட்டத்துக்கு வரும்வரை வெளியே நிற்க வேண்டும். டிவியில் பெரிய அணிகள் கோல் வாயிலிலிருந்து குட்டிக் குட்டிப் பாஸாகக் கட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள், அதற்கு வழி விட்டது இந்த மாற்றம்தான். ஆக, அன்று அந்த இரண்டடியில் உங்கள் மகன் இரண்டு காலத்துச் சட்டங்களுக்கு நடுவில் நின்றிருக்கிறான்.

கோட்டைப் பார்க்கும் பழக்கம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. பந்து காலுக்கு வருவதற்கு முன் தோளுக்கு மேலாக ஒருமுறை பின்னால் பார்த்துவிட வேண்டும். ஆள் எங்கே, இடம் எங்கே, கூட்டாளி எங்கே என்று அந்த ஒரு பார்வையில் தெரிந்துவிடும். வேறு எதைச் சொல்லிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இதை நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவேன். உங்கள் மகன் அந்த ஒரு பார்வையைத் தாத்தாவுக்குக் கொடுத்துவிடுகிறான். தாத்தா எவ்வளவு சரியாகச் சொன்னாலும் குரல் வந்து சேர்வதற்குள் ஆட்டம் இடம் மாறியிருக்கும்.

மாமாவிடம் பேச வேண்டியவர் நீங்கள் இல்லை, கோச். வயது குறைவு என்பது காரணமாகாது. சீசன் தொடங்கும்போது பெற்றோர், பெரியவர்கள் எல்லாரையும் நிற்க வைத்து நான் சொல்வது இதுதான்: கைதட்டுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், நல்ல பந்து என்று சொல்லுங்கள், கட்டளை மட்டும் கூடாது. ஏறு, இறங்கு, அடி, விடு எல்லாம் என் வேலை. அதையும் ஆட்டத்துக்கு நடுவில் நான் முடிந்தவரை சொல்வதில்லை. எல்லாரையும் வைத்துப் பொதுவாகச் சொன்னால் யாருக்கும் தனியாகக் குத்தாது.

வியாசர்பாடிப் பெரியவர்:

எல்லாரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்மா, உங்கள் மாமனார் வயதுதான் எனக்கும். எங்கள் பக்கத்து மைதானத்தில் சத்தம் இல்லாத ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. மதில் மேல் ஆள், மரத்தில் ஆள், மாடியில் பெண்கள், டீக்கடையில் பாதிக் கூட்டம், எல்லார் வாயிலும் ஆட்டம். அதற்குள் ஆடித்தான் இங்கே பிள்ளைகள் வளர்ந்தார்கள். தனபால் கணேஷ் வியாசர்பாடிப் பிள்ளை. 2017-18இல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் நடுக்களத்தில் ஆடினான். சென்னைப் பையன் நந்தகுமார், 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால் அணிக்காக மோகன் பகானுக்கு எதிராக கோல் அடித்து ஜெயித்துக் கொடுத்தான். அந்த கொல்கத்தா கூட்டத்தின் இரைச்சலை நினைத்துப் பாருங்கள். அதற்குள் நின்று ஆட வேண்டிய பிள்ளைக்கு ஒரு தாத்தா குரல் தாங்கவில்லை என்றால் எப்படி?

இன்னொன்று. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது, உங்களுக்குப் புரியும். எங்கள் தலைமுறைக்குப் பந்து என்பது வேலை. ஐ.சி.எஃப். என்கிற ரயில் பெட்டித் தொழிற்சாலை, ரயில்வே, துறைமுகம், சுங்கம், வங்கி என்று அணிகள் இருந்தன. நன்றாக ஆடினால் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள். பத்தாவது தாண்டாதவன் பென்ஷன் வாங்கும் ஆளாக ஆனது அப்படித்தான். இன்றைக்கும் அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரியிலும் விளையாட்டு இடம் இருக்கிறது. ஆனால் மாநில அணி, தேசியப் போட்டி என்று சான்றிதழ் காட்டியாக வேண்டும். பேரன் அந்த வாசல் வரைக்கும் போக வேண்டுமே என்கிற பதைப்பு அந்த மனிதருக்கு இருக்கிறது. அவர் தொண்டைக்குள் இருப்பது அந்தப் பயம். அதைச் சத்தம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கோல் கிக் விதி மாறிய செய்தி எனக்கும் இப்போதுதான் தெரியும். அதை அவரிடம் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார். விதியை மதிக்காத பழைய ஆட்டக்காரன் கிடையாது. குதிகாலையும் காட்டுங்கள். எங்கள் காலத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டு மறுநாள் இறங்கினோம். அதனால் முப்பது வயதில் காலை இழுத்துக்கொண்டு நடந்தவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் அவரை வாயை மூடிக்கொண்டு நில் என்று மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம். பந்தைப் பார்த்தால் பேசாமல் இருக்க அவரால் முடியாது. மைதானத்துக்கு வருவதையே விட்டுவிடுவார், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். அப்படி உட்கார்ந்த என் கூட்டாளிகள் அதன் பிறகு ரொம்ப காலம் இருக்கவில்லை.

எர்ணாவூர் அம்மா:

அக்கா, படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. என் மகளும் கால்பந்து ஆடுகிறாள், 13 வயது. எங்கள் வீட்டிலிருந்து அவள் ஆட்டத்தைப் பார்க்க என்னைத் தவிர யாரும் வந்ததில்லை. அவள் அப்பா வர மாட்டார். என் மாமனார், பொம்பளைப் பிள்ளை அரைக்கால் சட்டை போட்டு ஓடுவதை நான் வந்து வேறு பார்க்க வேண்டுமா என்கிறார். போன மாதம் அவள் பெனால்டியில் கோல் போட்டுவிட்டுத் திரும்பியபோது கைதட்டியது நானும் எதிரணிப் பிள்ளையின் அம்மாவும்தான். உங்கள் மகனுக்காகக் காலை 6 மணிக்கு வந்து நிற்க ஒருவர் இருக்கிறார். அந்தக் குரலைக் குறையுங்கள், ஆளை மட்டும் இழந்துவிடாதீர்கள்.

மைதானத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கேட்டு நாங்கள் சில அம்மாக்கள் சேர்ந்து மனு கொடுக்கப் போகிறோம். பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள், வெயிலில் மயங்கி விழுகிறார்கள். உங்கள் பக்கமும் இந்த நிலைமை என்றால் எழுதுங்கள், சேர்ந்து கொடுப்போம்.

கொடி பிடிப்பவன்:

அக்கா, நீங்கள் சொன்ன அந்தக் கல்லூரிப் பையனைப் போல நானும் சிறுவர் ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிறவன். அது நானாகவே கூட இருக்கலாம். திட்டு வாங்காத ஞாயிறு குறைவு. ஒரு ஆட்டத்துக்குக் கிடைப்பது போக்குவரத்துக்கும் டிபனுக்கும் சரியாக இருக்கும். இருந்தாலும் வருகிறோம், ஆட்டம் பிடித்திருக்கிறது.

2019இல் கோல் கிக்கோடு சேர்த்து இன்னொரு விதியும் வந்தது. அணியின் பெஞ்சில் இருக்கும் கோச், மேனேஜர் அத்துமீறினால் அவர்களுக்கும் மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை காட்டலாம். ஆனால் கோட்டோரப் பார்வையாளருக்கு அட்டை கிடையாது. வெளியிலிருந்து தொந்தரவு வந்தால் ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் அதிகாரம் மட்டும் நடுவருக்கு உண்டு. நான் அதைப் பயன்படுத்துகிறேன். குடும்பத்தை இழுத்துத் திட்டினால் விசில் ஊதி, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு கோச்சைக் கூப்பிடுவேன், அந்த ஆள் தள்ளிப் போனால்தான் பந்து கீழே வரும் என்று சொல்வேன். பிள்ளைகள் 22 பேரும் திரும்பி அவரைப் பார்ப்பார்கள். பெரும்பாலும் போய்விடுவார்.

இங்கிலாந்தில் 2008இல் இதற்காகவே மரியாதை இயக்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சிறுவர் ஆட்டங்களில் பக்கவாட்டுக் கோட்டிலிருந்து தள்ளிக் கயிறு கட்டி, பெற்றோரை அதற்குப் பின்னால் நிற்க வைக்கிறார்கள். நம் மைதானத்தில் கயிறு கட்ட வேண்டாம், சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டாலே போதும். கோச்சும் மாற்று ஆட்களும் ஒரு பக்கம், வீட்டார் எதிர்ப்பக்கம். இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் குரல் வரும் அவஸ்தை பிள்ளைக்குக் கொஞ்சம் குறையும்.

வியாசர்பாடி ஐயா சொன்னதற்கு மரியாதையோடு ஒரு பதில். கூட்டத்தின் இரைச்சல் யார் பெயரையும் சொல்லி எதையும் செய்யச் சொல்வதில்லை. மழை போல விழும், பழகிவிடும். தாத்தாவின் குரல் இவன் ஒருவனுக்கு மட்டும் வருகிறது, கூடவே ஒரு உத்தரவும் வருகிறது. 50,000 பேர் கத்தும் கொல்கத்தாவில் ஆடுகிறவனும் அவன் அப்பா ஒருவர் கோட்டோரம் நின்று உத்தரவு போட்டால் தடுமாறுவான்.

என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. சிறுவர் ஆட்டங்களுக்குக் கொடி பிடிக்க எங்களுக்கு எப்போதும் ஆள் போதாது. பேரன் ஆடாத ஆட்டத்தில், அதாவது 10 வயதுக்குட்பட்டோர் அல்லது 15 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில், மாமாவை லைன்ஸ்மேனாக நிற்கக் கேளுங்கள். நானே வந்து கேட்கிறேன். லீக் ஆடியவர் கையில் கொடி இருந்தால் பிள்ளைகளுக்கும் மரியாதை, எங்களுக்கும் பலம். கொடி பிடித்தவர் எந்தப் பக்கத்துக்கும் குரல் கொடுக்கக் கூடாது என்பது அவருக்கே தெரியும். ஆப்சைட் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும்போது கத்தவும் நேரம் இருக்காது. புதிய விதிகளும் தானாக அவர் கைக்கு வந்துவிடும். பேரனுடைய ஆட்டத்தின்போது அவருக்கு ஏற்கெனவே கொஞ்சம் களைப்பும் இருக்கும், பேச வேறு ஒரு ஆட்டமும் இருக்கும்.

கொருக்குப்பேட்டை அம்மா:

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன். பெரியவர் எழுதியதைக் கணவருக்கு போனில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அடுத்த ஞாயிறு ஷிப்ட் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றார்.

குதிகாலைக் காட்டிவிட்டோம். லெஃப்ட் விங் அண்ணன் சொன்னதேதான், வளரும் எலும்பின் வலி. வலி குறையும்வரை ஓட வேண்டாம், நின்ற இடத்தில் பந்து தட்டிப் பழகலாம் என்றார் டாக்டர். மாமாவையும் கூட அழைத்துப் போயிருந்தேன். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, எலும்பு இன்னும் ஒட்டாத இடத்தைக் காட்டினார். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அருகே போய்ப் பார்த்தார். திரும்பும் வழியில் ஆட்டத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. மொட்டைமாடிப் பந்தைப் பரணில் வைத்துவிட்டார், நான் சொல்லவேண்டி வரவில்லை.

கோல் கிக் விதியை மகனையே சொல்லச் சொன்னேன். தரையில் சாக்பீஸால் பாக்ஸ் வரைந்து, பட்டன்களை ஆட்களாக வைத்துத் தாத்தாவுக்குக் காட்டினான். மாமா நிறையக் கேள்வி கேட்டார். எதிராளி ஓடி வந்து அழுத்தினால் என்ன செய்வாய், கீப்பருக்கே திருப்பிக் கொடுக்கலாமா, கையால் எடுப்பானா என்று. "காலால்தான் தாத்தா, நாமே கொடுத்தால் கையால் தொடக் கூடாது" என்று இவன் விளக்கினான். அரை மணி நேரம் இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். இவன் இவ்வளவு பேசுவான் என்று எனக்கே தெரியாது. அவர்கள் நகர்த்திய பட்டன்களில் பாதி ஒரு வாடிக்கையாளருடைய ஜாக்கெட்டுக்கு வாங்கியது, நான் கேட்கவில்லை.

கொடித் தம்பி, நீங்கள் வந்து மாமாவைக் கேளுங்கள். நான் கேட்டால் மருமகள் ஏதோ திட்டம் போடுகிறாள் என்று தோன்றும், நடுவர் வந்து கேட்டால் அழைப்பு. கோச்சிடம் சுண்ணாம்புக் கோட்டைப் பற்றிப் பேசினேன். எல்லாப் பெற்றோரையும் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றார். 100 ரூபாய் அப்பாவும் அதில் இருப்பார். என்ன ஆகிறது என்று பார்க்கலாம். கோட்டைப் பார்க்கும் பழக்கம் ஒரு நாளில் போகாது என்பது எனக்குத் தெரியும்.

எர்ணாவூர்த் தங்கச்சி, மனுவில் என் கையெழுத்தும் வேண்டும். எங்கள் மைதானத்திலும் அதே நிலைமைதான். உங்கள் மகளின் அடுத்த ஆட்டம் எப்போது, எங்கே என்று சொல்லுங்கள். நானும் வருகிறேன், ஆயாவையும் அழைத்து வருகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். டாக்டர் ஷூவை மாற்றச் சொன்னார். இப்போது போடுவது அடியில் நீள ஸ்டட் (குமிழ்) உள்ளது, வளர்கிற கால் என்று ஒரு அளவு பெரிதாக வாங்கியது. எது வாங்கலாம்?

புளியந்தோப்பு லெஃப்ட் விங்:

நீள ஸ்டட் புல்தரைக்கு உரியது. நம் கெட்டி மண்ணில் அது இறங்காது, தரையின் அடி முழுவதும் குதிகாலுக்கே ஏறும். அடியில் சின்னச் சின்ன ரப்பர் மொட்டுகள் நிறைய இருக்கும் டர்ஃப் ஷூ கேளுங்கள். பெரியமேட்டில் நேரு ஸ்டேடியத்தை ஒட்டி விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன, நாலு கடை ஏறி இறங்கினால் விலையும் படியும். பெரிதாக வாங்காதீர்கள், உள்ளே கால் நழுவினால் வலி கூடும். விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் போதும். பையனைக் கூடவே அழைத்துப் போங்கள், ஆடும்போது போடும் சாக்ஸைப் போட்டு, டாக்டர் கொடுத்த குதிகால் மெத்தையையும் உள்ளே வைத்து, கடையிலேயே நடந்து பார்க்கச் சொல்லுங்கள். மாலை நேரத்தில் போனால் நல்லது, கால் அப்போது சற்று உப்பியிருக்கும்.